வீடில்லார்க்கு வீடு



உணவு, உடை, உறையுள் என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லி நாம் பழகிவிட்டோம். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகூடத் தடையின்றி ஒப்பிக்கும். ஆயினும் இம்மூன்றும் ஓர் இனத்தைச் சேர்ந்தவை அல்ல. பசித்தவனுக்கு ஒரு வேளைச் சோற்றை இன்றைக்கே அளித்துவிடலாம். ஆடையில்லாதவனுக்கு ஒரு வேட்டியை நாளைக்கே வாங்கித் தந்துவிடலாம். வீடு அத்தகையதன்று. வீட்டுக்கு முதலில் நிலம் வேண்டும். அந்நிலத்துக்கு உரிமைப் பத்திரம் வேண்டும். நிலத்துக்குப் போகப் பாதை வேண்டும். குடிநீர் வரவேண்டும், கழிவுநீர் போகவேண்டும். இவ்வளவும் அமைந்த பின்னரே செங்கல்லையும் சிமெண்டையும் பற்றிப் பேசலாம். நெல்லை மிகுதியாக விளைவிக்கலாம். நகரத்து நிலத்தை யாரும் விளைவிக்க முடியாது. ஆதலின் ஏழைக்கு அரிசி கொடுப்பதில் பெருவெற்றி கண்ட அரசாங்கங்களும் ஏழைக்கு வீடு கொடுப்பதில் பல காலமாகத் திணறி வருகின்றன. அத்திணறலின் காரணங்களையே இன்று உங்களோடு ஆராய விரும்புகிறேன்.

வீடில்லாதவர் யார் என்ற கேள்வியை முதலில் தீர்த்துக்கொள்வோம். மக்கள் தொகைக் கணக்கெடுப்பு இதற்கு ஒரு விளக்கம் வைத்திருக்கிறது. சாலையோரம், நடைபாதை, பெரிய சிமெண்டுக் குழாய், மேம்பாலத்தின் அடி, மாடிப்படி, கோயில் மண்டபம், புகைவண்டி நிலைய மேடை ஆகிய இடங்களில் இரவைக் கழிப்போர் வீடற்றோர் எனக் கொள்ளப்படுவர். இவர்களைப் பகலில் எண்ணுதல் இயலாது. பகலில் எல்லாரும் ஊரோடு கலந்துவிடுவார்கள். ஆகவே 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பிப்ரவரி 28-ஆம் நாள் இரவு இதற்கென்றே ஒதுக்கப்பட்டது. அப்போது நான் ஒரு மாவட்டத் தலைநகரில் தலைமையாசிரியனாக இருந்தேன். நம் நாட்டில் தலைகளை எண்ணும் வேலை ஆசிரியர்களுடையது என்பதை நீங்கள் அறிவீர்கள். மேற்பார்வையாளன் என்ற முறையில் சில ஆசிரியர்களை அழைத்துக்கொண்டு அன்றிரவு காய்கறிச் சந்தையையும் பேருந்து நிலையத்தையும் சுற்றி வந்தேன்.

அன்று நாங்கள் கண்டவருள் பிச்சை எடுப்போர் மிகச் சிலரே. மூட்டை தூக்குவோர், தள்ளுவண்டிக்காரர், பாத்திரம் கழுவுவோர், பழைய இரும்பும் காகிதமும் பொறுக்கி விற்போர் எனப் பெரும்பாலோர் உழைப்பாளிகள். சாக்கை விரித்துப் படுத்திருந்த ஒருவரிடம், ஊரும் உறவும் இருக்கும்போது இங்கே ஏன் படுக்கிறீர் என்று எங்கள் ஆசிரியர் ஒருவர் கேட்டார். “ராத்திரி மூணு மணிக்கு லோடு வந்துரும் சார். அந்நேரத்துக்கு எந்த பஸ்சு ஓடுது? இங்கன கிடந்தாத்தான் வேலை” என்று அவர் சொன்னார். படிவத்தில் அதை எழுத இடமில்லை. ஆனால் வீட்டுவசதிக் கொள்கையைப் பற்றி நான் பின்னர்ப் படித்த பல நூறு பக்கங்களின் சாரம் அவ்விடையில் அடங்கியிருந்தது. அவர் படுத்திருந்தது வீடு இல்லாமையால் மட்டுமன்று. வேலை அங்கே இருந்தமையால்.

அக்கணக்கெடுப்பின்படி நாடு முழுவதும் வீடற்றோர் 17.7 இலட்சம் பேர், நகரங்களில் 9.38 இலட்சம், கிராமங்களில் 8.34 இலட்சம். ஓர் இரவில் எண்ணிய எண்ணாதலால் இதைக் குறைந்த அளவாகக் கொள்ளுதலே தகும். விளக்கின் வெளிச்சத்தைக் கண்டு எழுந்து போனவர்களை நாங்கள் எண்ணவில்லை.

வேலைக்கும் படுக்கைக்கும் உள்ள இத்தொடர்பை நாட்டின் உச்ச நீதிமன்றம் 1985-லேயே எழுத்தில் பதிந்தது. பம்பாய் நடைபாதைவாசிகளை அகற்ற 1981-இல் எடுத்த முயற்சியை எதிர்த்து ஓல்கா டெல்லிஸ் என்ற பத்திரிகையாளரும் நடைபாதைவாசிகளும் வழக்குத் தொடுத்தனர். ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பு வழங்கியது. உயிர் வாழும் உரிமை என்பதில் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும். இம்மக்கள் நடைபாதையில் வாழ்வது தங்கள் பிழைப்பு அதற்கு அருகில் இருப்பதால். அவர்களை அங்கிருந்து பெயர்ப்பது பிழைப்பைப் பறிப்பதாகும் என்று நீதிமன்றம் கூறிற்று. ஆனால் தீர்ப்பின் மறுபாதியையும் மாணவர்கள் அறிய வேண்டும். நடைபாதையை ஆக்கிரமிக்கும் உரிமை எவர்க்கும் இல்லை என்றும், முன்னறிவிப்புக் கொடுத்து, அவர்கள் தரப்பைக் கேட்டு, அகற்றலாம் என்றும் அது சொன்னது. 1976-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் அடையாள அட்டை பெற்றவர்க்கு மாற்று இடம் தரவேண்டும் என்றது. உரிமை உண்டு, இடம் இல்லை என்ற நிலை. அவ்விடத்தைத் தேடிக் கொடுக்க வேண்டியது நீதிமன்றத்தின் வேலையன்று, கருவூலத்தின் வேலை. ஆகவே கருவூலத்துக்கு வருவோம்.

சுதந்திரம் பெற்ற சில ஆண்டுகளுக்குள்ளேயே மத்திய அரசாங்கம் இத்துறையில் இறங்கியது. 1952-இல் தொழிலாளர் வீட்டுத் திட்டம், 1954-இல் குறைந்த வருவாயுடையோர்க்கான கடன் திட்டம், 1956-இல் குடிசைப் பகுதிச் சட்டம் என்று அடுத்தடுத்து வந்தன. சென்னையில் நகர அபிவிருத்தி டிரஸ்டு என்ற அமைப்பு மனைகளை வகுத்து விற்றது. அதன் ஆங்கில முதலெழுத்துக்களே இன்றும் சி.ஐ.டி. நகர் என்ற பெயரில் நிலைத்திருக்கின்றன. அங்கே துப்பறியும் போலீசார் குடியிருந்ததாகப் பிள்ளைகள் எண்ணுவதை நான் கேட்டிருக்கிறேன். 1961-இல் அந்த டிரஸ்டு வீட்டு வசதி வாரியமாயிற்று. வாரியம் கட்டிய வீடுகள் மாதச் சம்பளக்காரர்க்குப் பெரிதும் பயன்பட்டன. தவணை கட்டும் சக்தியற்ற குடிசைவாசிக்கு அவை எட்டவில்லை. எனவே 1970-இல் தமிழ்நாடு குடிசை மாற்று வாரியமும், 1971-இல் அதற்குரிய சட்டமும் தோன்றின.

அன்றைக்கு வாரியம் எடுத்த கணக்கில் சென்னையில் 1,202 குடிசைப் பகுதிகள் இருந்தன. அவற்றில் ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்தனர். ஏழே ஆண்டுகளில் இவை அனைத்தையும் மாடி வீடுகளாக மாற்றிவிடலாம் என்பது குறிக்கோள். குடிசை இருந்த இடத்திலேயே மூன்று மாடி, நான்கு மாடிக் கட்டடம் எழுப்பி அதே மக்களைக் குடியேற்றும் முறை கைக்கொள்ளப்பட்டது. இம்முறையின் பெருஞ்சிறப்பு யாதெனில், மக்கள் தம் வேலையையும் பள்ளியையும் அக்கம்பக்கத்தையும் இழக்கவில்லை. இதன் குறை யாதெனில், செலவு மிகுதி, வேகம் குறைவு. ஏழாண்டுக் குறிக்கோள் எட்டப்படவில்லை. கட்டி முடித்த வீடுகளைக் காட்டிலும் புதிதாக முளைத்த குடிசைகள் மிகுதி.

1977-இல் உலக வங்கியின் கடனுதவியோடு சென்னை நகர வளர்ச்சித் திட்டம் வந்தபோது எண்ணமே மாறிற்று. முழு வீட்டைக் கட்டிக் கொடுக்க ஏன் முயல வேண்டும்? சிறு மனையை அளந்து, பாதை போட்டு, தண்ணீரும் கழிவுநீர் வழியும் மின்சாரமும் கொண்டுவந்து, கழிப்பறையும் மேடையும் மட்டும் கட்டிக் கொடுத்தால், மீதியைக் குடும்பமே சிறுகச் சிறுகக் கட்டிக்கொள்ளாதா? அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் இவ்வாறு மனைகள் வகுக்கப்பட்டன. மனையின் விலையைக் குடும்பங்கள் தவணையில் செலுத்தின. அதே பகுதியில் பெரிய மனைகளையும் கடை மனைகளையும் சந்தை விலைக்கு விற்று, அந்த இலாபத்தால் சிறு மனைகளின் விலை குறைக்கப்பட்டது. வசதியுள்ளவன் வாங்கும் மனை வசதியற்றவனின் மனைக்கு ஒரு பங்கு கொடுக்கிறது என்று பொருள்.

இம்முறை எனக்கு மிகவும் உவப்பானது என்பதை மறைக்க விரும்பவில்லை. அரசாங்கம் செய்யக்கூடியதை அரசாங்கமும், குடும்பம் செய்யக்கூடியதைக் குடும்பமும் செய்தன. தனி ஒருவன் சாக்கடைக் குழாய் பதிக்க முடியாது. ஆனால் ஓர் அறையின் மேல் இன்னோர் அறை கட்ட அவனால் முடியும். மகளுக்குத் திருமணமானால் ஓர் அறை, கையில் கொஞ்சம் காசு சேர்ந்தால் ஒரு மாடி என்று வீடு குடும்பத்தோடு வளர்ந்தது. இன்று அப்பகுதிகளுக்குப் போகிறவர் அவை ஏழைகளுக்காக வகுத்த மனைகள் என்று ஊகிக்கவும் இயலாது. எனினும் ஒரு நிபந்தனை உண்டு. இதற்கு நகரத்தின் எல்லையிலேயே மலிவாக விசாலமான நிலம் வேண்டும். 1977-இல் அரும்பாக்கத்தில் அது கிடைத்தது.

இப்பொழுது ஒரு சிறு கணக்குப் போடுவோம். எழுதுகோல் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். நிலமும் கட்டடமும் சேர்த்து ஒரு சிறு வீட்டின் விலை 12 இலட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இது நான் எடுத்துக்காட்டுக்காகக் கொண்ட தொகை. ஒரு குடும்பத்தின் மாத வருமானம் 15,000 ரூபாய். அதில் மூன்றில் ஒரு பங்கு, 5,000 ரூபாய், வீட்டுக்கென்று ஒதுக்கலாம்; அதற்கு மேல் ஒதுக்கினால் அடுப்பில் கைவைக்க வேண்டியிருக்கும். வங்கி 8 விழுக்காடு வட்டியில் 20 ஆண்டுக்குக் கடன் தருகிறது. 12 இலட்சத்துக்கு மாதத் தவணை பத்தாயிரத்துச் சொச்சம் ஆகும். குடும்பத்தால் கட்டக்கூடியது அதில் பாதி. இந்தப் பாதிக்கும் முழுமைக்கும் நடுவேயுள்ள பள்ளத்தை எப்படித் தூர்ப்பது என்பதே வீட்டுவசதி நிதியின் முழுப் பிரச்சினை.

வழி மூன்று உண்டு. அரசாங்கம் 6 இலட்சத்தை மானியமாகக் கொடுத்துவிட்டால் மீதிக் கடனுக்குத் தவணை 5,000 அளவில் வந்துவிடும். மானியம் கொடாமல் வட்டி முழுவதையும் 20 ஆண்டும் அரசாங்கமே ஏற்றுக்கொண்டால், 12 இலட்சத்தை 240 மாதத்தால் வகுக்க, மாதம் சரியாக 5,000 வருகிறது. அல்லது விலையில் பாதி நிலத்தின் விலையாக இருந்தால், நிலத்தை அரசாங்கம் இலவசமாகக் கொடுத்தும் அதே இடத்துக்கு வந்து சேரலாம். எந்த நாட்டில் எந்தப் பெயரில் திட்டம் வந்தாலும் இம்மூன்றில் ஒன்றோ இவற்றின் கலவையோதான் உள்ளே இருக்கும். பெயரைக் கண்டு மயங்காமல் உள்ளே எது இருக்கிறது என்று பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள்.

இம்மூன்றும் கணக்கில் சமமாயினும் பயனில் சமமல்ல. 2015-இல் தொடங்கிய நகர்ப்புறப் பிரதம மந்திரி வீட்டுத் திட்டத்தில் ஒரு பிரிவு வட்டி மானியம் தந்தது. வருமானம் குறைந்தவர்க்கு 6 இலட்சம் வரையிலான கடனுக்கு 6.5 விழுக்காடு. அப்பிரிவு 2022-இல் முடிந்தது. நல்ல சலுகைதான். ஆனால் வட்டி மானியம் பெறுவதற்கு முதலில் கடன் கிடைக்க வேண்டும். கடன் கிடைக்கச் சம்பளச் சீட்டு வேண்டும். சந்தையில் படுத்திருந்த அம்மூட்டை தூக்குபவருக்கு எந்த வங்கி கடன் கொடுக்கும்? அதே திட்டத்தின் வேறு பிரிவுகள் ஒரு வீட்டுக்கு மத்திய அரசின் பங்காக 1.5 இலட்சம் கொடுத்தன. மீதியை மாநிலமும் குடும்பமும் போட வேண்டும். சொந்த மனையில் கட்டிக்கொள்ளும் பிரிவுக்கு மனைப்பட்டா வேண்டும். பட்டா உள்ள ஏழை ஓரளவு தப்பினான். பட்டா இல்லாத ஏழை மீண்டும் வரிசையின் கடைசிக்குப் போனான்.

கிராமத்தின் நிலை சற்று வேறு. அங்கே நிலம் மலிவு, நத்தத்தில் மனை இருக்கும், கூரைதான் ஓலை. 1985-இல் தொடங்கிய இந்திரா வீட்டுத் திட்டம் 2016-இல் புது வடிவம் பெற்றது. சமவெளியில் ஒரு வீட்டுக்கு 1.20 இலட்சம், மலைப்பகுதியில் 1.30 இலட்சம், மத்திய அரசு 60, மாநிலம் 40 என்ற பங்கு, 25 சதுர மீட்டருக்குக் குறையாத வீடு. கழிப்பறைக்குத் தனியே 12,000 ரூபாயும், ஊரக வேலைத் திட்டத்தின் வழியாகத் தொண்ணூறு நாள் கூலியும் சேர்க்கப்பட்டன. 2024-இல் திட்டம் மேலும் ஐந்தாண்டு நீட்டிக்கப்பட்டபோது 1.20 இலட்சம் என்ற தொகை மாற்றப்படவில்லை. அவ்வெட்டு ஆண்டுகளில் கம்பியும் சிமெண்டும் கொத்தனார் கூலியும் என்ன ஆயின என்பதை உங்கள் வீட்டுப் பெரியோரைக் கேளுங்கள். நம் மாநிலம் தன் நிதியிலிருந்து கூடுதல் தொகை சேர்த்து வந்தது. 2011-இல் அறிவித்த பசுமை வீடுகள் திட்டத்தில் 300 சதுர அடி வீட்டுக்கு 1.80 இலட்சம் முழுவதையும் மாநிலமே கொடுத்தது. 2024-இல் அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் திட்டம் 2030-க்குள் 8 இலட்சம் வீடுகள் என்ற இலக்கோடு, வீட்டுக்கு 3.5 இலட்சம் வகுத்தது.

தொகை எவ்வளவு என்பதைப் போலவே, அது எப்போது கைக்கு வருகிறது என்பதும் முக்கியம். இதைப் பலர் கவனிப்பதில்லை. பணம் முழுவதும் முதலிலேயே தரப்படுவதில்லை. அடித்தளம் போட்டால் ஒரு தவணை, லிண்டல் மட்டம் வந்தால் ஒரு தவணை, கூரை காங்கிரீட் முடிந்தால் ஒரு தவணை எனப் படிப்படியாக வங்கிக் கணக்கில் வரும். ஒவ்வொரு படியிலும் புகைப்படம் எடுத்துப் பதிய வேண்டும். பணம் வேறு வழியில் போகாமல் இருக்க இக்காப்பு வேண்டியதே. ஆனால் ஒரு படியை முடித்தால்தான் அதற்கான பணம் வரும் என்றால், முடிக்கும் வரைக்கும் யார் பணம் போடுவது? கையில் சேமிப்புள்ளவன் போட்டுவிட்டுப் பின்னர் வாங்கிக்கொள்வான். சேமிப்பில்லாதவன் வட்டிக்கு வாங்குவான். கிராமத்துச் சாலைகளில் லிண்டல் மட்டத்தோடு நின்று, கம்பி துருப்பிடித்து, சுவருக்குள் எருக்கஞ்செடி முளைத்திருக்கும் வீடுகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவற்றின் உடையவர்களைச் சோம்பேறிகள் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். பெரும்பாலும் அவர்கள் இரண்டு தவணைகளுக்கு நடுவே சிக்கிக்கொண்டவர்கள்.

மீண்டும் நகரத்துக்கு வருவோம். கூவம், அடையாறு ஆகிய ஆறுகளின் கரைகளிலும் கால்வாய் ஓரங்களிலும் தலைமுறை தலைமுறையாகக் குடிசை போட்டு வாழ்ந்தவர்கள் உண்டு. அவ்விடம் நீர்நிலைப் புறம்போக்கு. அங்கே பட்டா கொடுக்க முடியாது. வெள்ளம் வந்தால் உயிருக்கும் ஆபத்து. ஆதலின் அவர்களை அங்கேயே வைத்து மாடி வீடு கட்டித் தரும் 1970-ஆம் ஆண்டு முறை இவர்களுக்குப் பொருந்தாது. நகரத்துக்குள் வேறு நிலம் வாங்க விலை இடம் கொடுக்கவில்லை. ஆகவே 2000-ஆம் ஆண்டை ஒட்டிப் பழைய மாமல்லபுரம் சாலையில், ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர் எழுந்தது. படிப்படியாகப் பதினையாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் அங்கே வந்தன. பின்னர்ப் பெரும்பாக்கத்தில் எட்டடுக்குக் கட்டடங்களில் இருபதினாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். எண்ணிக்கை வியப்பூட்டுவது. பெரும்பாக்கத்தில் ஒருவர் குடியேறியபோது அவருக்கு உறுதியான கூரை, குழாய்த் தண்ணீர், தனிக் கழிப்பறை, மின்சாரம் அனைத்தும் கிடைத்தன என்பதில் ஐயமில்லை. ஆற்றங்கரைக் குடிசையில் இவற்றுள் ஒன்றும் இல்லை.

ஆனால் அவர் வேலை செய்த வீடுகள் நகரத்தின் நடுவே இருந்தன. காலையில் இரண்டு வீட்டில் பாத்திரம் துலக்கி, மாலையில் ஒரு வீட்டில் சமைத்து, இடையே தன் குழந்தையைப் பார்த்துக்கொண்ட ஒரு பெண்ணுக்கு அவ்வேலைகள் நடந்து போகும் தொலைவில் இருந்தவரையே அமைப்பு நின்றது. இருபது கிலோமீட்டருக்கு அப்பால் போனதும் அது சிதறிவிடுகிறது. 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிப் பயணம் செய்யலாம் என்று அரசாங்கம் அறிவித்தது. இதை நான் ஒரு வீட்டுவசதித் திட்டமாகவே கருதுகிறேன். ஆயினும் கட்டணத்தை மிச்சப்படுத்தலாம், மூன்று மணி நேரத்தை யார் மிச்சப்படுத்துவது?

நான் பள்ளிக்கூடத்துக்காரன், அந்தக் கண்கொண்டே பார்ப்பேன். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றங்கரைக் குடும்பங்கள் பல கல்வியாண்டின் நடுவிலேயே இடம் பெயர்க்கப்பட்டன. அரைப் பரீட்சை முடியும் தருவாயில் ஒரு பிள்ளையைப் பள்ளியிலிருந்து பிடுங்கி வேறு பள்ளியில் நட்டால் என்ன ஆகும் என்பதற்கு உளவியல் நூல் தேவையில்லை. மாற்றுச் சான்றிதழ் வாங்க ஒரு நாள், புதிய பள்ளியில் இடம் தேட ஒரு வாரம், பாடம் ஒத்துவர ஒரு மாதம். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்த ஒரு மாதம் கிடையாது. அப்பன் வேலை தேடி அலையும்போது மூத்த பையனும் சுமை தூக்கப் போய்விடுகிறான். திட்ட மதிப்பீட்டில் ஒரு வீட்டுக்குச் செலவு இவ்வளவு என்று ஒரு வரி இருக்கிறது. படிப்பை விட்ட ஒரு பையனின் செலவு எந்த வரியிலும் ஏறுவதில்லை. நகரத்து நிலம் விலை மிகுதி என்று சொல்லும்போது எதனோடு ஒப்பிட்டு மிகுதி என்று கேட்பது நியாயம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இவ்வளவு பேசியும் நடைபாதையில் படுத்திருப்பவரிடம் நாம் இன்னும் வரவில்லை. மேலே சொன்ன திட்டங்கள் பெரும்பாலும் குடிசைவாசிக்கானவை. நடைபாதைவாசிக்குக் குடிசையும் இல்லை. சென்னையில் பாரிமுனை, வால்டாக்ஸ் சாலைப் பகுதிகளில் நடைபாதையிலேயே பிறந்து, அங்கேயே மணந்து, பிள்ளை பெற்ற குடும்பங்கள் உண்டு. நாட்டில் இவர்களுக்கான ஏற்பாடு ஒரு வழக்கிலிருந்து பிறந்தது. உணவு உரிமை பற்றி 2001 முதல் நடந்துவந்த வழக்கின் இடையே, 2010-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் தில்லியில் ஓர் இரவுத் தங்குமிடம் இடிக்கப்பட்ட செய்தி உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. அதன் தொடர்ச்சியாக, நகரங்களில் ஓர் இலட்சம் மக்களுக்கு ஒரு தங்குமிடம் வீதம் ஏற்படுத்துமாறு மாநிலங்கள் பணிக்கப்பட்டன. 2013-இல் வந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் இதற்கு நிதியும் விதியும் வகுத்தது. ஓர் ஆளுக்கு 50 சதுர அடி இடம், குடிநீர், கழிப்பறை, பொருள்களை வைத்துப் பூட்ட வசதி ஆகியன அவ்விதிகளில் உண்டு. சென்னை மாநகராட்சி ஆடவர், மகளிர், சிறுவர், முதியோர், மனநலம் குன்றியோர், மருத்துவமனை நோயாளிகளின் உடனிருப்போர் என்று தனித்தனியே தங்குமிடங்களை அமைத்தது.

தனியாளுக்கு இது பெரிய உதவி. குடும்பத்துக்கோ இது பொருந்துவதில்லை. கணவன் ஓரிடம், மனைவி ஓரிடம், பன்னிரண்டு வயதுப் பையன் மற்றோரிடம் என்று பிரித்துப் படுக்கவைத்தால் எந்தக் குடும்பம் சம்மதிக்கும்? தங்குமிடம் இருக்கும்போதும் சிலர் நடைபாதையை விடாததற்கு இதுவும் ஒரு காரணம். அவர்கள் பிடிவாதக்காரர்கள் அல்லர்.

இவ்விடத்தில் பின்லாந்து நாட்டின் அனுபவம் ஆராயத்தக்கது. ஐக்கிய நாடுகள் அவை வீடற்றோர் ஆண்டாக அறிவித்த 1987-இல் அந்நாட்டில் வீடற்றோர் பதினேழாயிரத்துக்கு மேல். முதலில் குடியை விடு, வேலையைத் தேடு, பின்னர் வீடு தருகிறோம் என்பது அங்கும் பழைய முறை. 2008-இல் தொடங்கிய தேசியத் திட்டம் இதைத் தலைகீழாக்கிற்று. முதலில் வாடகை ஒப்பந்தத்தோடு சொந்தக் கதவுள்ள வீடு. மருத்துவமும் வேலையும் அதன் பின்னர். எல்சிங்கி நகரில் பலர் சேர்ந்து படுத்த பெரிய விடுதிகள் தனித்தனிக் குடியிருப்புகளாக மாற்றப்பட்டன. மத்திய அரசும் நகராட்சிகளும் செலவைப் பகிர்ந்துகொண்டன. குடியிருப்பவர் வாடகை செலுத்துவார், வருமானம் போதாதவர்க்கு வாடகைப் படி உண்டு. 2023-இல் வீடற்றோர் எண்ணிக்கை 3,429 ஆகக் குறைந்தது. 2024-இல் அது 3,806 ஆக ஏறிற்று. வாடகைப் படியும் பிற உதவிகளும் குறைக்கப்பட்டதோடு அவ்வேற்றத்தை அங்குள்ளோர் தொடர்புபடுத்தினர். நம் நாட்டோடு பின்லாந்தை அப்படியே பொருத்த முடியாது. அதன் மக்கள் தொகை சென்னை நகரத்தின் மக்கள் தொகைக்கும் குறைவு. ஆனால் வீடு என்பது ஒருமுறை கட்டி முடித்துவிடும் செலவன்று, ஆண்டுதோறும் தொடரும் செலவு என்பதை அவ்விரண்டு எண்களும் தெளிவாகக் காட்டுகின்றன.

நம்மிடம் அதற்குச் சான்று இல்லாமல் இல்லை. 1970-களிலும் பின்னரும் எழுந்த வாரிய அடுக்குக் கட்டடங்கள் பல, பராமரிப்புக்குப் பணம் ஒதுக்காமையால் நாளடைவில் நைந்துபோயின. 2021 டிசம்பர் 27-ஆம் நாள் திருவொற்றியூரில் 24 வீடுகள் கொண்ட ஓர் அடுக்குக் கட்டடம் இடிந்து விழுந்தது. விரிசலைக் கண்டு முன்னதாகவே மக்கள் வெளியேற்றப்பட்டமையால் உயிர்ச்சேதம் நிகழவில்லை. அதே ஆண்டில்தான் குடிசை மாற்று வாரியம் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்ற புதுப்பெயர் பெற்றது. பழைய அடுக்கங்களை இடித்துப் புதிதாகக் கட்டும் பணி பல இடங்களில் மேற்கொள்ளப்பட்டது. இடித்துக் கட்டும் காலத்தில் அக்குடும்பங்கள் வெளியே வாடகைக்கு இருக்க வேண்டும். அதற்கென ஒரு தொகை தரப்படுகிறது. அத்தொகைக்கு அதே பகுதியில் வீடு கிடைப்பது அரிது.

எட்டு மாடிக் கட்டடத்துக்கு மின்தூக்கி வேண்டும். மின்தூக்கிக்கு மின்கட்டணம் உண்டு, பழுது உண்டு. தண்ணீரை மேலே ஏற்றும் மோட்டாருக்கும் அவ்வாறே. குடிசையில் இருந்தபோது இல்லாத இச்செலவுகளைக் குடியிருப்போர் நலச் சங்கங்களின் வாயிலாகப் பகிர்ந்துகொள்ள வாரியம் ஏற்பாடு செய்தது. மாதந்தோறும் தவறாமல் செலுத்துகிற கட்டடத்தில் மின்தூக்கி ஓடுகிறது. வேலையிழந்தோர் மிகுந்த கட்டடத்தில் சந்தா சேர்வதில்லை. அங்கே ஆறாம் மாடியில் இருக்கும் பாட்டி, மின்தூக்கி நின்ற நாள்களில், மருந்துக் கடைக்குப் போகவும் படியிறங்க வேண்டியிருக்கிறது.